நகம் வெட்டக் கூடாத சேவல்

என் பெரியப்பாவின் இளைய மகள் ரதியைப் பற்றி எங்கள் குடும்பத் தொகுப்பில் எழுத வேண்டிய முறை வந்தபோது, அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் என்றே எண்ணினேன். பிறந்த தோட்டம், படித்த வகுப்பு, மணந்தவர், செய்த வேலை என்று மற்றவர்களுக்கு எழுதியது போலவே இவருக்கும் எழுதியிருக்கலாம். ஆனால் விவரம் கேட்க நான் மலேசியாவில் சிரம்பானுக்கு அருகே உள்ள ரந்தாவுக்குப் போன நாள்களில், ஒரு சேவலின் காலைத் தவிர வேறு எதைப் பற்றியும் அந்த வீட்டில் பேச்சு நடக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் அந்த ஆண்டு அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானவை. ரதி, ரந்தாவுக்கு அப்பால் இருந்த மூங்கில் தோட்டத்தில் பிறந்தார். பிறப்புப் பத்திரத்தில் 1965 மார்ச் என்று இருக்கிறது. பெரியம்மா செல்லம்மாவோ, அவள் ஐப்பசி அடைமழையில் பிறந்தவள் என்றே கடைசிவரை சொல்லிவந்தார். பதிவு செய்யப் போனவர்கள் தாமதமாகப் போயிருக்கலாம். எது சரி என்று தீர்மானிக்க என்னிடம் சான்று இல்லாததால் இரண்டையும் எழுதி வைக்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். பிறகு பெரியம்மாவோடு ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனார். ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பின், குலை வெட்டுபவர்களுக்குப் பின்னால் குனிந்தபடி உதிரிப் பழம் பொறுக்கினார். அந்தக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் சென்ற லோரியை ஓட்டியவர் தர்மராஜ். இருவருக்கும் தோட்டத்து முனியாண்டி கோயிலில் திருமணம் நடந்தது. ஒரே மகள் ரோகினி மணமாகி ஜொகூரில் இருக்கிறார். தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனபோது, தொழிலாளர்களின் லயன் வீடுகளில் இருந்தவர்களுக்கு ரந்தாவ் ஓரத்தில் வரிசை வீடுகள் கிடைத்தன. அன்று முதல் ரதி ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். நான் எழுதியிருக்கக்கூடிய அரைப் பக்கம் இவ்வளவுதான்.

ரதி இருந்த எல்லா வீட்டிலும் கோழி இருந்தது. தோட்டத்தில் இருந்தவரை கோழியின் காலை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. காலையில் கூட்டைத் திறந்துவிட்டால், செம்மண் வழியிலும் சரளைக்கல்லிலும் கால்வாய் ஓரத்திலும் பொழுதெல்லாம் கிளறிவிட்டு மாலையில் தானாகத் திரும்பும். கிளறுகிற கோழிக்கு நகம் தேய்ந்துகொண்டே இருக்கும். வரிசை வீட்டின் பின்புறமோ சமையலறைக் கதவிலிருந்து சந்து வரை சிமெண்டுத் தரை. அங்கே கிளற ஒன்றுமில்லை. கோழிகள் பழக்கத்தால் சிமெண்டைக் கிளறிப் பார்த்துவிட்டு நிற்கும். இரண்டே ஆண்டுகளில் நகங்கள் நீண்டு பக்கவாட்டில் திரும்பின. இரவில் படுக்கும் கட்டையிலிருந்து காலையில் அப்படியே தரையில் குதித்துக் குதித்து உள்ளங்கால் கன்றியது. கன்றிய இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று விழுந்து, அதன் அடியில் மஞ்சளாக ஒன்று இறுகியது. மனிதர் காலில் வருவதைச் சொல்வது போலவே ரதி அதையும் ஆணி என்று சொன்னார்.

பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் அவருக்கு இரண்டாவது வேலை இதுவாகத்தான் இருந்தது. கோழியைக் கக்கத்தில் இடுக்கி, அது பதறாமல் இருக்கத் தலைமேல் துண்டைப் போடுவார். உப்புக் கரைத்த வெந்நீரில் காலை ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். செதில்கள் தூக்கி நின்று சுண்ணாம்பு பூத்தது போல் இருக்கும் கால்களுக்குத் தேங்காய் எண்ணெயை அடியில் இறங்கும்படி பூசுவார். வெளிறிய நகத்தில் உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும். அதற்கு முன்னால் வெட்டிவிடலாம். கறுத்த நகத்தில் தெரியாது. அதற்குக் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்து, நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். தவறி ரத்தம் வந்தால் மஞ்சளும் சோளமாவும் கலந்து அழுத்துவார். இதை அவர் விருப்பத்தோடு செய்தார் என்று எழுத எனக்குத் துணிவில்லை. இடுப்பு வலிக்கிறது, இதுகளை விற்றுத் தொலைத்தால் என்ன என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே செய்தார்.

அந்த வீட்டில் ஒரு கோழிக்கு மட்டும் நகம் வெட்டக் கூடாது. அது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

நேர்ந்த கதை இது. ஆலைக்குப் போகும் வழியில் லோரியை ஓரங்கட்டிவிட்டுத் தர்மராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கோலாலம்பூரில் நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். அவரை உள்ளே கொண்டுபோனபோது வெளியே தனியாக நின்ற ரதி, இவர் எழுந்து வந்தால் ஒரு சேவல் தருகிறேன் என்று முனியாண்டியிடம் சொல்லிவிட்டார். அவர் எழுந்து வந்தார். வந்த வாரமே ரதி தம் வீட்டில் குஞ்சாகப் பொரிந்து வளர்ந்த இளஞ்சேவல் ஒன்றைப் பூசாரி கணேசமூர்த்தியிடம் கொண்டுபோனார். அவர் அதன் காலில் மஞ்சள் நூல் கட்டி, முனியாண்டியின் பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்.

மூங்கில் தோட்டத்து வழக்கப்படி நூல் கட்டிய சேவலின் மேல், முனியாண்டியின் அரிவாளுக்கு முன் வேறு எந்த இரும்பும் படக் கூடாது. கொண்டை கிழியக் கூடாது, வால் உதிரக் கூடாது, நகம் குறையக் கூடாது. மற்றக் கோழிகளோடு விட்டால் சண்டையில் காயம் படும் என்பதால் தனியாக அடைத்துத்தான் வளர்க்க வேண்டும். தோட்டம் இருந்த காலத்தில் இதனால் எந்தச் சேவலுக்கும் துன்பம் வந்ததில்லை. திருவிழாவுக்கு நாள் குறித்த பிறகுதான் நூல் கட்டுவார்கள். சில வாரங்களில் காரியம் முடிந்துவிடும். சில வாரங்களுக்கென்று ஏற்பட்ட வழக்கத்தை ஆண்டுக்கணக்கில் கடைப்பிடித்தால் சேவலின் கால் என்னவாகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்திருக்காது.

ரதிக்கு அந்தத் தேவை வந்தது. நூல் கட்டிய ஆண்டு கோயில் இருந்த நிலம் போயிற்று. புதிய இடத்தில் கோயிலை எழுப்பியபோது நிர்வாகம் இரண்டாகப் பிரிந்தது. யார் திருவிழா நடத்துவது என்ற வழக்கில் மூன்று ஆடிகள் திருவிழா இல்லாமலே கழிந்தன. சேவல் கூண்டில் காத்திருந்தது.

அந்தக் கூண்டைச் செய்தவர் தர்மராஜ். உள்ளே இரும்பு தெரியக் கூடாது என்பதற்காகக் கம்பி வைக்காமல், தரை முதல் கூரை வரை பலகையும் மூங்கிலுமாகவே செய்திருந்தார். அறைந்த ஆணிகளின் தலைமேல்கூட மெழுகு பூசி மறைத்திருந்தார். அறுவைக்குப் பிறகு அவர் லோரி ஓட்டப் போகவில்லை. பின்கதவருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சேவல் நன்றாகத் தின்ற நாளில் அவரும் நன்றாகச் சாப்பிடுவார். விடியலில் அது கூவத் தாமதித்தால் மணிக்கட்டைப் பிடித்துத் தம் நாடியைப் பார்ப்பார். கேலி செய்யவும் அவருக்குத் தெரியும். குனிய முடியாத அவருக்கு ரதிதான் கால் நகம் வெட்டிவிட வேண்டும். அப்போதெல்லாம் கூண்டைக் காட்டி, “எனக்கு மட்டும் வெட்டு, தொரைக்கு வெட்டிராதே” என்பார். சிரித்துக்கொண்டு சொன்னாலும், கூண்டுப் பக்கம் ரதி நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

நான் விவரம் சேகரிக்கப் போகத் தொடங்கியது ஆனி மாதத்தில். அதற்குச் சற்று முன்தான் இரண்டு தரப்பும் சமாதானமாகி, ஆடிக் கடைசி ஞாயிறு திருவிழா என்று கணேசமூர்த்தி சொல்லியனுப்பியிருந்தார். தர்மராஜ் அந்தச் செய்தியை எனக்கு மூன்று முறை சொன்னார். ரதி ஒரு முறையும் சொல்லவில்லை. என்னைக் கூண்டருகே கூட்டிக்கொண்டுபோய்ச் சேவலைக் கையில் எடுத்துக் காட்டினார்.

செவலை நிறம், கனத்த உடம்பு, கிழியாத கொண்டை. கால்களைப் பார்க்காதவரை அது குறையற்ற பறவைதான். நகங்கள் ஆட்டுக்கொம்பு போல் வளைந்திருந்தன. விரல்களை ஊன்ற முடியாமல் அவற்றின் பக்கவாட்டில் நின்று பழகியதால் விரல்களே கோணியிருந்தன. இடது உள்ளங்காலில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம். கறுத்த பொருக்கைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக இருந்தது. காலில் கட்டிய மஞ்சள் நூலை, கால் பருக்கப் பருக்க ரதி விரலால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டியிருக்கிறார். அதற்கு இரும்பு வேண்டியதில்லை. நகத்துக்குத்தான் வழியில்லை.

வழி தேடாமலும் இல்லை. உரசித் தேய்த்துக்கொள்ளட்டும் என்று கூண்டுக்குள் செங்கல் வைத்தார். வளைந்துவிட்ட நகம் செங்கல்லில் படவில்லை. மணல்தாளால் தேய்த்துப் பார்த்தார். தச்சர் கடையில் வாங்கியதில் இரும்புத்தூள் இருக்குமோ என்று தர்மராஜ் அதைப் பிடுங்கிக்கொண்டார். உப்பு வெந்நீரில் தினமும் ஊறவைத்தார். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, பாவம், நகத்தை வெட்டிவிட்டால் என்ன என்று கேட்டபோது, ரதி இந்தக் கதை முழுவதையும் மலாயில் சொல்ல அலுத்துப்போய், வாக்குக் கொடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னாராம்.

நான் இரண்டாம் முறை போன நாள் ரதி செம்பனை மட்டையின் முள் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அந்த முள் ஊசியளவுக்குக் கூர்மையானது. பழம் பொறுக்கியவர்கள் எல்லாருடைய கையிலும் அதன் தழும்பு இருக்கும். அதைக்கொண்டு பொருக்கை நெம்பிப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. தர்மராஜிடம் கேட்டார். அவர் முள்ளை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“முள்ளு இரும்பு இல்லலா. மரத்துல மொளச்சதுதானே? குத்து. ஆனா நகத்துல பட்றக் கூடாது.”

“நகத்துல பட்டா முள்ளுதான் ஒடையும். நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

சேவலை நான் மடியில் பிடித்துக்கொண்டேன். ஊறிய பொருக்கின் ஓரத்தை முள்ளால் சுற்றிலும் எழுப்பி, கட்டைவிரலால் பக்கங்களை அழுத்தினார். மெழுகு போல் இறுகிய மஞ்சள் கட்டி ஒன்று பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. நாற்றம் அடித்தது. உள்ளே எதுவோ அதைத் தடுத்தது. முள்ளின் நுனியால் தொட்டுப் பார்த்தபோது கடினமாக இருந்தது. ரதி கைப்பேசி விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முள்ளைக் கீழே வைத்தார்.

வீக்கத்துக்குக் காரணம் ஆணி மட்டுமன்று. நடுவிரலின் நகம் கீழ்ப்புறமாக வட்டமடித்து வந்து, உள்ளங்காலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. தன் நகத்தின் மேல்தான் அந்தச் சேவல் இத்தனை மாதமும் நின்றுகொண்டிருந்திருக்கிறது. நகத்தை வெட்டினாலன்றி அதை வெளியே எடுக்க முடியாது.

தர்மராஜுக்கு அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. வந்து பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அன்று மாலையே ரதி பூசாரிக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னார். தொட வேண்டாம், திருவிழா அன்று கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று கணேசமூர்த்தி சொன்னார். அவருக்கு அன்று பந்தல், பறை, அன்னதானம் என்று நூறு கவலை. திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரங்களில் முதலாவது வாரம் அந்த வீட்டில் எப்படிப் போயிற்று என்பதை ரதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேவல் எழுந்து நிற்பதை விட்டது. கூண்டின் மூலையில் வயிற்றை ஊன்றிப் படுத்தே கிடந்தது. கூவவில்லை. அது கூவாத விடியல்களில் தர்மராஜும் எழுந்து கொள்ளவில்லை. சேவல் திருவிழாவுக்கு முன்னால் செத்துப்போனால் நேர்த்திக்கடன் கிடக்கும், தம்மையும் அது விடாது என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். நகத்தை வெட்டினால் நேர்ந்தது கெடும், அப்போதும் தம்மை விடாது என்றும் சொன்னார். இரண்டு பக்கமும் அவருக்கு ஆபத்து. முடிவு செய்ய வேண்டியவர் ரதி. தர்மராஜின் நெஞ்சு சரியாகத்தான் இருக்கிறது என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது அவர் காதில் ஏறவில்லை. வாயில் சோறும் இறங்கவில்லை.

சனிக்கிழமை நான் போனபோது ரதி பள்ளிக்கூடத்தின் சீருடையை மாற்றாமல் பின்புறத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று பள்ளியில் விளையாட்டு விழா நடந்ததால் விடுமுறையிலும் வேலை. கூண்டுக்குள் காலையில் வைத்த அரிசி அப்படியே இருந்தது. சமையலறை மேசைமேல் தர்மராஜுக்கு மூடி வைத்த தட்டும் அப்படியே இருந்தது. இரண்டையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வெந்நீரும் துண்டும் மஞ்சளும் எடுத்து வந்தார். கோழிகளுக்கு வெட்டும் பெரிய நகவெட்டியும் கையில் இருந்தது.

“தம்பி, ஒக்காரு. இத நல்லா பிடி. றெக்கைய ஒதறவிடாத.”

தர்மராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடுக்க வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

“அப்ப என் உசுரு போனாலும் பரவால்லன்னு வெட்டுற.”

ரதி நிமிராமலே பதில் சொன்னார்.

“ஒங்க நெஞ்ச எதால அறுத்தாங்க? மயிலெறகாலயா? இரும்பாலதான அறுத்தாங்க. அதனாலதான் நீங்க இங்க நின்னுக்கிட்டு என்னைக் கேள்வி கேக்குறீங்க. ஒங்களுக்கு இரும்பு படலாம், இதுக்குப் படக் கூடாதா?”

தர்மராஜின் கை அவரையறியாமல் சட்டைக்கு மேலாக நெஞ்சுத் தழும்புக்குப் போனதைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன். போகவில்லை; கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

ரதி வளைந்த நகத்தின் நடுவில் வெட்டினார். காய்ந்த குச்சி ஒடியும் சத்தம். சதைக்குள் இருந்த துண்டை விரல் நகங்களால் பற்றி, அது வந்த வளைவிலேயே மெல்லத் திருப்பி வெளியே எடுத்தார். சேவல் ஒரு முறை உடம்பை விறைத்துப் பிறகு தளர்ந்தது. அதோடு அந்த மஞ்சள் கட்டியும் முழுதாக வந்து விழுந்தது. குழியை உப்புநீரால் கழுவி, மருந்து தடவி, பழைய கைலித் துணியைக் கிழித்து மெத்தென்று வைத்துக் கட்டினார். முடிந்தது என்று நான் கையைத் தளர்த்தப் போனேன். அவர் விடச் சொல்லவில்லை. ஒன்று வெட்டினாலும் வெட்டியதுதான் என்று சொல்லிவிட்டு, மீதி நகங்களையும் விளக்கைப் பிடித்துப் பார்த்து ஒவ்வொன்றாக அளவோடு எடுத்தார். ஒன்றில் ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்து அழுத்திக்கொண்டு, அது நிற்கும்வரை கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார்.

கூண்டின் பலகைமேல் சாக்கு விரித்து அதில் சேவலை விட்டார். அது எழுந்து, கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்றக் காலில் நின்றது. அன்று அது தின்னவில்லை. மறுநாள் தின்றது. தர்மராஜ் அன்று இரவும் மறுநாளும் உண்ணவில்லை. மூன்றாம் நாள் பசி தாங்காமல் கஞ்சி கேட்டார் என்று ரதி சொன்னார்.

ஆடிக் கடைசி ஞாயிறு சேவலை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். புதிய கோயில் வடிகாலுக்கும் பெருஞ்சாலைக்கும் இடையிலான ஒரு துண்டு நிலத்தில், நான்கு பக்கமும் சிமெண்டு பூசி எழும்பியிருக்கிறது. தோட்டத்தில் இருந்து சிதறியவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். சேவல்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் சில வாரங்களுக்கு முன் நூல் கட்டியவை. ரதி தம் முறை வரும்வரை காத்திருந்து, பெட்டியைத் திறந்து, கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொன்னார்.

கணேசமூர்த்தி சேவலைத் தூக்கிக் கால்களைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலில் புண் ஆறிப் புதுத்தோல் படர்ந்திருந்தது. விரல்கள் கோணியே இருந்தன.

“வெட்டலேன்னாலும் இத நான் வாங்கியிருக்க மாட்டேன் தங்கச்சி. குறைப்பட்டுப் போச்சு.”

“அப்ப நூல அவுத்துருங்கண்ணே.”

“நூல அவுக்க முடியாது. பேர் சொல்லிக் கட்டுனது, அது சாமியோடது. அறுத்துச் சாப்புடவும் கூடாது, விக்கவும் கூடாது. முன்ன மாதிரி இருந்தா கோயில்லயே விட்டுட்டுப் போன்னு சொல்வேன், மேயட்டும்னு. இங்க எங்க மேயும்? ரோட்டுலதான் போய் விழும். வீட்டுலயே வச்சுப் பாரு. வேண்டுதலுக்கு வேற ஒண்ணு கொண்டா.”

“இன்னொண்ண வளக்க எனக்குத் தெம்பு இல்லண்ணே.”

பின்னால் வரிசை நெருக்கியது. கணேசமூர்த்தி கொடுமையாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில்தான் சொன்னார். வேண்டியதும் நீ, வெட்டியதும் நீ, நான் நடுவில் நின்று எதைச் சொல்ல, நீயே போய்ச் சொல் என்று முனியாண்டியின் பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த சேவலை வாங்கினார்.

ரதி பெட்டியோடு போய்ச் சிலைக்கு முன்னால் நின்றார். நானும் தர்மராஜும் இரண்டடி பின்னால் நின்றோம். அவர் கண்ணை மூடவில்லை, கையும் கூப்பவில்லை. கையில் பெட்டி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல்தான் பேசினார்.

“நான்தான் வெட்டுனேன். அது நிக்க முடியாம கெடந்துச்சு, பாத்துக்கிட்டு இருக்க முடியல. நீ வர நாளாக்கிட்டே. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. அவர ஒண்ணும் பண்ணிறாத. கேக்குறதா இருந்தா என்னைக் கேளு.”

விபூதியை எடுத்துத் தம் நெற்றியில் இட்டு, சேவலின் தலையிலும் கொஞ்சம் தூவிவிட்டுத் திரும்பினார்.

நான் காடியை ஓட்ட, தர்மராஜ் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தார். பெட்டியைத் தம் மடியில் வைத்திருந்தார். வாசலில் இறங்கிய பிறகு, பெட்டியைக் கீழே வைக்காமலே ரதியிடம் சொன்னார்.

“என்னைக் கேளுன்னு ஏன் சொன்ன? சாமி கேட்டுத் தொலச்சா நான் என்னா பண்றது? யாரு எனக்குச் சோறு ஆக்குவா, யாரு மருந்து எடுத்துக் குடுப்பா? போயி அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிட்டு வாலா.”

ரதி கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

“சும்மாவா வாபஸ் குடுப்பாரு? அதுக்கும் ஒரு சேவல் கேப்பாரு.”

தர்மராஜ் அதற்குச் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்புறம் போனார். கூண்டைத் திறந்து சேவலை உள்ளே விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைச் சிமெண்டுத் தரையில் மற்றக் கோழிகளுக்கு நடுவே விட்டார். அது கோணிய விரல்களால் இரண்டு எட்டு நடந்து நின்றது. ஒரு கோழி வந்து அதன் கழுத்தில் கொத்தியது. கொத்தட்டும், இனி காயம் பட்டால் என்ன என்று தர்மராஜ் சொன்னார்.

இதை எழுதும்போது அதற்கடுத்த மாசி மாதம். தர்மராஜ் நலமாக இருக்கிறார். திருவிழாவுக்கு மறுவாரமே தாமான் குடியிருப்பின் முனையில் இருந்த கட்டட வேலையிடத்தில் கேட்டு, மோட்டார் சைக்கிளில் மூன்று நடை செம்மண் கொண்டுவந்து பின்புறத்தில் ஒரு மூலையில் கொட்டினார். கனமானதைத் தூக்க வேண்டாம் என்று ரதி திட்டியும் கேட்கவில்லை. மண் முழங்கால் உயரம்கூட இல்லை. மழை பெய்தால் பாதி சந்துக்குப் போய்விடுகிறது. அதைக் கூட்டி அள்ளுவது ரதியின் வேலை. கோழிகள் அதில்தான் நாள் முழுவதும் நிற்கின்றன. சேவலால் சரியாகக் கிளற முடியாது, இருந்தாலும் கிளறுகிறது. பூசாரி கேட்ட இரண்டாவது சேவலுக்கு இன்னும் நூல் கட்டவில்லை. கட்டப் போகிறீர்களா என்று கேட்டேன். திருவிழாவுக்கு நாள் குறிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ரதி சொன்னார். அவருக்கு முதுகில் வலி இருக்கிறது. அடுத்த ஆண்டு வேலையிலிருந்து நிற்கலாம் என்று எண்ணம். அதற்கும் நாள் இன்னும் முடிவாகவில்லை.